சாவு விழாத சந்து

வாடகை வீட்டில் சாவு விழக் கூடாது என்பது எங்கள் நகரத்தில் யாரும் எழுதி வைக்காத, ஆனால் எல்லோரும் மதித்து நடந்த ஒரே சட்டம். வீடு பார்க்கப் போனால், தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, விருந்தாளிகள் ராத்தங்கக் கூடாது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருகிற வீட்டுக்காரர்கள், கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, முடியாதவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்பார்கள். இல்லை என்று நாங்கள் தலையாட்டுவோம். முடியாதவர்கள் எல்லோர் வீட்டிலும் இருப்பார்கள் என்று அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆகவே எங்களில் ஒருவருக்குப் போகிற நேரம் வந்துவிட்டால், கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் பெரியாஸ்பத்திரி வராந்தாவிலோ, சொந்த ஊர் என்று ஒன்று மிச்சமிருந்தால் அந்த ஊருக்குப் போகிற வேனிலோ, எதுவும் வாய்க்காதபோது தெருமுனையில் சாமியானா கட்டி பிளாட்பாரத்திலோ வைத்துக்கொண்டு காத்திருந்தோம். அதை யாரும் அநியாயம் என்று நினைக்கவில்லை. நாங்களும் நினைக்கவில்லை.

எங்கள் சந்துக்குக் கிட்டங்கிச் சந்து என்று பெயர். ஒரு காலத்தில் மிளகாய் மூட்டை அடுக்கியிருந்த கிட்டங்கியை, வியாபாரம் நொடித்த பிறகு குறுக்கும் நெடுக்குமாகச் சுவர் எழுப்பிப் போர்ஷன்களாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். எல்லாப் போர்ஷனுக்கும் ஒரே குழாய், ஒரே கக்கூஸ், ஒரே வீட்டுக்காரம்மா. மழைக்காலத்தில் சுவர் ஈரமானால் இன்னமும் மிளகாய் நெடி கிளம்பும், வீடு முழுக்கத் தும்மும். வீட்டுக்காரம்மா தனபாக்கியம் மாடியில் இருந்தாள். கெட்டவள் என்று சொல்ல முடியாது. சந்தில் யார் வீட்டுக் குழந்தைக்குக் காது குத்தினாலும் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

அந்தச் சந்தின் நடுப் போர்ஷனில்தான் பெயின்டர் ஏகாம்பரமும், பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்த அவன் மனைவி நாகவல்லியும், அவர்களுடைய மகள் மோனிஷாவும் இருந்தார்கள். யாரோ கட்டிய உயரமான அபார்ட்மென்ட் ஒன்றுக்கு வெளிச்சுவரில் வர்ணம் அடித்துக்கொண்டிருந்தபோது சாரத்தின் கயிறு அறுந்து ஏகாம்பரம் விழுந்தான். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கழுத்துக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை, பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும், வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எந்த வீட்டுக்கு என்று சொல்லவில்லை. பட்டப்பகலில் ஆம்புலன்ஸ் சந்துக்குள் நுழைந்தபோது தனபாக்கியம் கேட்டை மறித்துக்கொண்டு நின்றாள்.

"தப்பா நெனச்சிக்காத நாகு. உம் மனசு எனக்குத் தெரியாதா? ஆனா உள்ள கொண்டாராத. இங்க சாவு விழக் கூடாது. அப்பால ஒருத்தனும் குடி வர மாட்டான்."

நாகவல்லி ஸ்ட்ரெச்சரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஸ்ட்ரெச்சரில் கிடந்த ஏகாம்பரம்தான் கண்ணைத் திறந்தான். வீட்டுக்காரர்களிடம் மரியாதையாகப் பேசியே பிழைப்பு நடத்தியவன். வர்ணம் அடிக்கப் போன இடத்தில் ஒரு சொட்டு தரையில் சிந்தினாலும் தன் லுங்கியால் துடைத்துவிட்டு வருகிறவன்.

"விழாதும்மா," என்றான். "நான் பாத்துக்கிறேன்."

அவ்வளவுதான் நடந்தது. உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள், பொழுது சாய்ந்தது, அவன் சாகவில்லை. காலையில் டீ கேட்டான். தெருமுனை கிளினிக் டாக்டர் வந்து நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார், ஒன்றும் கேட்கவில்லை, இடம் மாற்றி வைத்தார், மணிக்கட்டைப் பிடித்தார், அங்கேயும் ஒன்றுமில்லை. "சத்துக் குறைவா இருக்கு" என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து கிட்டங்கிச் சந்தில் யாரும் சாகவில்லை.

கடைசிப் போர்ஷனில் மூட்டை தூக்கித் தூக்கி நுரையீரல் போன கன்னியப்பன் இருந்தான். ஒரு நாள் இருமி இருமி நீலமாகி, கண் நிலைகுத்தி, வாய் திறந்தபடி அடங்கிப் போனான். மகன் துணியை எடுத்து மோவாயைக் கட்டப் போகும்போது, கட்டாதே, பீடி பிடிக்க முடியாது என்று சொன்னான். இப்படியே ஒவ்வொருவராக. முதலில் கொஞ்ச நாள் பேசினோம். கோவில்காரர்கள் அம்மன் என்றார்கள், ஜெபக்கூட்டத்துக்காரர்கள் ஆண்டவர் என்றார்கள், பிறகு அவரவர் வேலைக்குப் போய்விட்டோம். சாவு மேளம் அடிக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் பிழைப்பில்லாமல் கல்யாண மேளம் பழகிக்கொண்டார்கள். பழைய அடி கையை விட்டுப் போகாததால், அவர்கள் வாசிக்க ஆரம்பித்தால் மாப்பிள்ளை வீட்டார் முகம் கொஞ்சம் சுருங்கும். சந்தோஷமாக இருந்தீர்களா என்று கேட்டால், இல்லை. வருத்தமும் இல்லை. தண்ணீர் வருகிற நாளில் தண்ணீர் பிடித்தோம்.

தனபாக்கியத்துக்குத்தான் தலைகால் புரியவில்லை. சாவு விழாத வீடு வாடகைக்கு என்று புரோக்கர்கள் நகரமெல்லாம் சொல்லிவிட, கார்கள் வந்து நிற்க ஆரம்பித்தன. ஊருக்குள் மூன்று பங்களா வைத்திருந்த இரும்பு வியாபாரி ஒருவர் தன் அப்பாவுக்காக ஒரு போர்ஷனைப் பிடித்து, சுவருக்கெல்லாம் டைல்ஸ் ஒட்டி, ஏசி மாட்டிப் படுக்க வைத்தார். பெரியவர் ஏசி குளிர்வதற்குள் போய்விட்டார். சொந்த வீடு உள்ளவர்களுக்கு அது செல்லாது என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அவர்களுக்குச் சாக ஒரு இடம் இருக்கிறது, எங்கே படுத்திருந்தாலும் கணக்கு அங்கே நேராகிவிடுகிறது. எங்களுக்கு இடம் கிடைக்கிறவரைக்கும் நாங்கள் போக முடியாது. மற்ற சந்துகளிலும் வீடில்லாதவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் ஏன் செத்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அங்கே யாரும் ஏகாம்பரத்தைப் போல வாக்குக் கொடுக்கவில்லையோ என்னவோ.

சாவு மட்டும்தான் விழவில்லை, மற்ற எல்லாம் விழுந்தது. கிட்டங்கியின் கூரைக் காரை பெயர்ந்து முதலில் பொடியாகவும், பிறகு தட்டுத் தட்டாகவும், பிறகு கம்பியோடும் விழுந்தது. ரிப்பேர் பண்ணச் சொல்லிப் போனால் தனபாக்கியம், "விழுந்தா இன்னா? யாராச்சும் செத்தா போயிட்டீங்க?" என்று கேட்டாள். வெட்கக்கேடு, கொஞ்ச நாளில் நாங்களே அப்படிப் பேச ஆரம்பித்தோம். மழை நாளில் குழந்தைகளைக் காரை விழாத சுவரோரமாகப் பார்த்துப் படுக்க வைப்பதை விட்டோம், அறுந்து தொங்கிய மின்சார ஒயரின் மேல் துணி காயப் போட்டோம், இடிந்த படியில் இருட்டில் இறங்கினோம். விழட்டும், என்ன செத்தா போயிடப் போறோம் என்று சொல்லிக்கொண்டே சோறு தின்றோம்.

பிறகு முதல் போர்ஷன் டெய்சி மேல் காரை விழுந்தது. டெய்சி தையல்காரி, ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரிய துண்டு பெயர்ந்து தலையில் விழுந்தது. ஒரு பக்கம் அமுங்கிப் போயிற்று. ரத்தத்தைத் துடைத்துவிட்டு அவள் எழுந்து உட்கார்ந்தாள், ஊசியை எடுத்தாள், அந்தக் கொக்கியை வைத்தாள், பிரித்தாள், மறுபடி வைத்தாள். அன்றிலிருந்து அதே கொக்கியைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறாள். பெற்ற பையனைப் பார்த்து, தம்பி யார் வேணும் என்று கேட்பாள். நாங்கள் அவளைச் சுற்றிக் குழாயடிக்குப் போனோம், வந்தோம்.

நகரம் எங்களைச் சும்மா விட்டுவிட்டது என்று சொன்னால் பாவம். பாதுகாப்பான வீடு, ஏழைகளுக்குக் கட்டுப்படியாகும் வீடு என்று போர்டு வைத்து, ஊருக்கு வெளியே ஏரி இருந்த இடத்தில் எட்டு மாடிக் கட்டடங்களை வரிசையாகக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். நாங்கள் வீட்டு ஆபீஸ் என்று கூப்பிட்ட இடத்திலிருந்து சபாபதி என்ற ஒரு இன்ஜினியர் சந்தைப் பார்வையிட வந்தார். கூரையைப் பார்த்தார், டெய்சியைப் பார்த்தார், கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இடிஞ்சு விழற நிலைமைன்னு எழுதிடறேன். ஆனா உயிரிழப்பு எத்தனைன்னு கேப்பாங்கம்மா. இல்லன்னா மேல எடுத்துப் பாக்க மாட்டாங்க. செத்த எடத்துக்குத்தான் முதல்ல குடுக்கறாங்க."

"உயிரிழப்புக்கு நாங்க எங்க சார் போறது?" என்றாள் நாகவல்லி.

அவருக்கும் அது புரிந்தது. போகும்போது கேட்டருகே நின்று, யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "இங்க போர்ஷன் எதுனா காலி இருக்கா? எங்க அம்மாவுக்கு," என்று கேட்டார். அவரும் வாடகைக்குக் குடியிருப்பவர்தான்.

தேர்தல் வந்ததால் வீடு வந்தது. குலுக்கல் போட்டு, எங்கள் சந்து முழுவதற்கும் அந்த எட்டு மாடிகளில் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்கள். ஒதுக்குவது என்ற வார்த்தை எங்கள் பாஷையில் ரொம்ப சாமர்த்தியமான வார்த்தை. ஒருவனுக்கென்று எடுத்து வைப்பதும் அதுதான், ஒருவனை ஓரமாகத் தள்ளி வைப்பதும் அதுதான். நாகவல்லி இரண்டையும் யோசிக்கவில்லை. அவளுக்கு வேறு ஒரு கவலை. பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய்ச் சபாபதியின் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"சார், ஒரே ஒரு டவுட்டு. இது எங்களுக்குச் சொந்த வீடா, வாடகை வீடா?"

"ஒதுக்கீடு பண்ணின வீடும்மா."

"அது தெரியுது சார். சொந்தமா?"

"மாசாமாசம் கட்டணும். கட்டி முடிச்சாத்தான் பத்திரம்."

"அதுவரைக்கும் வாடகையா?"

"வாடகைன்னு சொல்ல முடியாது."

"கட்டலன்னா காலி பண்ணச் சொல்லுவீங்களா?"

"சொல்லுவோம்."

"அப்ப வாடகைதான்."

சபாபதி பேனாவை மூடினார், திறந்தார். "சொந்தம் மாதிரிம்மா," என்றார்.

நாகவல்லி ஓட்டமும் நடையுமாகச் சந்துக்கு வந்தாள். சொந்தம் மாதிரிதானாம், சொந்தம் இல்லையாம் என்று போர்ஷன் போர்ஷனாகச் சொன்னாள். எங்களுக்கு அப்படி ஒரு நிம்மதி. பத்திரம் கையில் வருகிறவரைக்கும் நாம் வாடகைக்காரர்கள்தான், சாவு நம்மிடம் வர முடியாது, காரையும் விழாது, இதைவிட வேறென்ன வேண்டும் என்று கன்னியப்பனின் மகன் அன்றைக்கே மூட்டை கட்டினான். இப்படி ஒரு முட்டாள்தனத்தை எங்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

கன்னியப்பனை ஏழாவது மாடிக்கு நாற்காலியில் தூக்கிப் போனோம். வீட்டுக்குள் பால் காய்ச்சுகிறவரை வெளியே நடையில் உட்கார வைத்திருந்தோம். நடை நீளமாக, காற்றோட்டமாக இருந்தது. பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, தூரத்தில் தெரிந்த ரயிலைப் பார்த்து, நல்ல இடம்டா என்றான். பால் பொங்கியது. அப்பா உள்ளே வா என்று மகன் நாற்காலியைத் தூக்கி நிலைப்படியைத் தாண்டி வைத்தான். பொங்கிய பால் இறங்குவதற்குள் கன்னியப்பன் இல்லை. சபாபதிக்குத் தெரியாத பதில் சாவுக்குத் தெரிந்திருந்தது: நிலைப்படியைத் தாண்டாதவரைக்கும் வீடு இன்னும் நம் கைக்கு வரவில்லை, தாண்டிவிட்டால் சொந்தம்.

அதன் பிறகு சந்தில் ஒருவரை ஒருவர் பார்த்தால், எப்ப எடுக்கறீங்க என்று கேட்டுக்கொண்டோம். எங்கள் ஊரில் வீட்டையும் எடுப்போம், பிணத்தையும் எடுப்போம். கேட்கிறவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று பதில் சொல்கிறவர்களுக்குத் தெரியவில்லை, கேட்கிறவர்களுக்கே தெரியவில்லை. வீட்டில் படுக்கையில் யாரும் இல்லாதவர்கள் சீக்கிரம் எடுத்தார்கள். மற்றவர்கள் யோசித்தார்கள்.

நாகவல்லி எடுக்கவே மாட்டேன் என்றாள். ஏகாம்பரம் அவளுக்கு வேண்டும். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, அவன் தலையை மடியில் வைத்து வாரிவிட்டு, பள்ளிக்கூடத்தில் எந்த டீச்சர் எந்த டீச்சரோடு பேசுவதில்லை என்று சொல்லுவாள், அவன் சிரிப்பான். கைகால் உணர்ச்சி இல்லை, நெஞ்சில் சத்தம் இல்லை, ஆனால் சிரிப்பு அப்படியே பழைய சிரிப்புதான். அது போதும் அவளுக்கு. எங்களில் பலருக்கு முழு ஆளாக நடமாடுகிற புருஷன் இருந்தும் அவ்வளவு இருந்ததில்லை.

ஒரு மத்தியானம் மோனிஷா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள், குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் காரை விழுந்தது. நாகவல்லி வந்து பார்த்தபோது தரையில் பள்ளம், பள்ளத்துக்குள் பென்சில் டப்பா நசுங்கிக் கிடந்தது. வேறு ஊராக இருந்தால், நல்லவேளை உயிர் தப்பியது என்று சொல்லிக் கும்பிட்டிருப்பாள். இங்கே உயிர் எப்படியும் தப்பும். எழுதிக்கொண்டிருந்த அதே வரியை எழுதிக்கொண்டு, தன்னைப் பார்த்து, ஆயா யார் வேணும் என்று கேட்டுக்கொண்டு, காலம் முழுக்க உட்கார்ந்திருக்கும் ஒரு மோனிஷாவை அவள் அந்தப் பள்ளத்தில் பார்த்துவிட்டாள். 

"வீட்ட எடுத்துக்கோ நாகு," என்றான் ஏகாம்பரம்.

"கம்முனு கெட."

"கொயந்தைய டெய்சி மாதிரி ஆக்கிடாத."

"அப்ப உன்ன?"

"என்னைய இன்னா? மூட்டையோட மூட்டையா வண்டில ஏத்து. வாக்கு குடுத்தது இந்த வீட்டுக்குத்தான். அந்த வீட்டுக்கு இல்ல."

அவள் அவன் தலையை வாரிக்கொண்டே இருந்தாள். வாரி முடித்தபோது அவளுக்கு ஒரு யோசனை வந்திருந்தது. கன்னியப்பன் நடையில் இருந்தவரைக்கும் பீடி பிடித்துக்கொண்டுதானே இருந்தான்?

அப்படித்தான் ஏகாம்பரத்தின் கட்டில் ஐந்தாவது மாடி நடையில், அவனுடைய வீட்டு வாசலுக்கு வெளியே வந்தது. நாகவல்லியும் மோனிஷாவும் உள்ளே; அவன் வெளியே; நடுவில் நிலைப்படி. இதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். கொஞ்ச நாளில் எட்டு மாடிகளிலும் படுக்கையில் ஆள் இருந்த வீட்டுக்கு ஒரு கட்டில் வெளியே கிடந்தது. உள்ளே டிவி ஓடும், வெளியே அம்மாவோ மாமனாரோ படுத்திருப்பார்கள். கதவைத் திறந்தே வைத்து உள்ளிருந்து ஊட்டினார்கள். டெய்சியும் ஒரு வாசலில் உட்கார்ந்து அந்தக் கொக்கியை வைத்தாள். சின்னப் பிள்ளைகள் கட்டில்களைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடிப் பிடித்து விளையாடினார்கள். தபால்காரர் நடையில் படுத்திருக்கிறவர்களிடமே தபாலைக் கொடுத்துவிட்டுப் போனார். எங்களுக்குக் கூரை கெட்டியாக இருந்தது, சாவு விழவில்லை. நாங்கள் அதற்கும் பழகிவிட்டோம்.

ஏகாம்பரம் மட்டும் உள்ளே இருப்பதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"செவுரு இன்னா கலரு?"

"வெள்ள."

"வெள்ளன்னா? சுண்ணாம்பு வெள்ளையா, பால் வெள்ளையா, நீலம் கலந்த வெள்ளையா?"

"யாருக்குத் தெரியும்? வெள்ள."

"ஒரு பெயின்டரு பொண்டாட்டி பேசற பேச்சா இது?"

மழைக்காலம் தொடங்கியபோது சபாபதி வந்தார். எட்டு மாடிகளையும் ஏறி இறங்கினார். மறுநாள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: குடியிருப்போரின் பாதுகாப்பை முன்னிட்டு, தீ விபத்து நேர்ந்தால் வெளியேற ஏதுவாக, பொது நடைகளில் கட்டில் முதலான எந்தப் பொருளும் வைக்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டுக்குள் எடுத்துக்கொள்ளாவிட்டால் ஒதுக்கீடு ரத்தாகும். பொருள் என்றுதான் சொன்னார்கள். வேறு என்ன சொல்வதென்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

நாகவல்லி படியில் சபாபதியை நிறுத்தினாள். சண்டை போடப் போகிறாள் என்று நினைத்தோம்.

"சார், அம்மா எப்படி இருக்காங்க?"

அவர் தன் அம்மாவுக்கு எங்கள் பழைய சந்தில் போர்ஷன் பிடித்திருந்தார். "நல்லா இருக்காங்கம்மா," என்றார். கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். "காரை விழுது. நேத்துகூட தோள்ல விழுந்துச்சு. நல்லா இருக்காங்க."

சிலர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு கிட்டங்கிச் சந்துக்கே திரும்பினார்கள். தனபாக்கியம் வாடகையை ஏற்றி வைத்திருந்தாள். சிலர் நல்ல நாள் பார்த்து உள்ளே எடுத்தார்கள். மாடிக்கு மாடி சாமியானா ஏறியது. படிக்கட்டு குறுகலாக இருந்ததால் பாடையைச் செங்குத்தாக நிமிர்த்தித்தான் இறக்க வேண்டியிருந்தது. கல்யாணத்துக்குப் போயிருந்த மேளக்காரர்கள் திரும்பி வந்தார்கள், பழைய அடி அவர்களுக்கு நன்றாகவே வந்தது. அந்த வாரம் யார் முகத்தைப் பார்த்தாலும் ஊசி போட்ட பல்லைப் போல மரத்துக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாரல் நடைக்குள் அடித்தது. ஏகாம்பரத்தின் போர்வை ஒரு பக்கம் முழுக்க நனைந்திருந்தது, அவனுக்குத் தெரியவில்லை. நாகவல்லி போர்வையை மாற்றினாள்.

"சந்துக்கே போயிடலாம்," என்றாள். "நீயும் நானும். மோனிஷா இங்க இருக்கட்டும். எதிர் வீட்டம்மா பாத்துக்கும்."

"பொட்டப் புள்ளைய தனியா வுட்டுட்டா?"

"வேற இன்னா பண்ணச் சொல்ற?"

அவன் கொஞ்ச நேரம் நடையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வந்த நாளிலிருந்து அவன் பார்த்தது அது ஒன்றைத்தான்.

"நாகு, ஊர்ல எத்தினி வூட்டுக்கு அடிச்சிருக்கேன். ஒரு வூட்டுலயாவது அடிச்சி முடிச்சப்பறம் உள்ள உக்காந்தது உண்டா? காசக் குடுத்து வெளிய அனுப்பிடுவாங்க. நம்ம வூட்ட நான் ஒரு தரம் பாக்கணும். அவ்ளோதான்."

"பாத்தா நீ இருக்க மாட்டயே."

"பாக்காம இருந்துகினு இன்னா பண்றது?"

அவள் அழவில்லை. அவளுக்கு அவனைப் போக விட மனசில்லை, ஒரு துளிகூட இல்லை. ஆனாலும் எழுந்து எங்களைக் கூப்பிட்டாள். கட்டிலுக்கு நாலு பேர் வந்தோம். மோனிஷா கதவை முழுக்கத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க அரிசி டின்னை முட்டுக் கொடுத்தாள். தலைப்பக்கம் நாகவல்லி பிடித்துக்கொண்டாள். மெதுவா, மெதுவா என்று அவன்தான் எங்களுக்குச் சொன்னான், நிலையில் இடித்துப் பெயின்ட் போய்விடும் என்று.

நிலைப்படியைத் தாண்டினோம். ஏகாம்பரம் கண்ணை மூடவில்லை. கன்னியப்பன் போன வேகத்துக்கு அவன் போகவில்லை. சுற்றிப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தான் அல்லவா, பார்த்தான். தலைப்பக்கத்தையும் எங்களிடம் விட்டுவிட்டு நாகவல்லி சமையலறையைக் காட்டினாள், குழாயைத் திறந்து தண்ணீர் வருவதைக் காட்டினாள், கக்கூஸ் கதவைத் திறந்து, இது நமக்கு மட்டும்தான் என்று காட்டினாள். ஜன்னலருகே மோனிஷாவின் பாய் விரித்திருந்த இடத்துக்கு வந்ததும் அங்கேயே இறக்கச் சொன்னான். மல்லாந்து, மேல் தளத்தின் மூலைக்கு மூலை கண்ணை ஓட்டிப் பார்த்தான்.

"ரெண்டாவது கோட்டு அடிக்கவே இல்ல," என்றான். "ஏமாத்திட்டானுங்க." பிறகு, "ஆனா கெட்டியா இருக்கு," என்றான்.

நாகவல்லி அவன் நெற்றியில் விழுந்த முடியைப் பின்னால் தள்ளினாள். தள்ளும்போது இருந்தான். கையை எடுத்தபோது இல்லை.

நாங்கள் நாலு பேரும் சுவரோடு ஒட்டி நின்றோம். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. துணியால் மோவாயைக் கட்டக்கூட யாருக்கும் கை எழவில்லை. நாகவல்லி அவன் முகத்தைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்த அந்த மத்தியானத்திலிருந்து அவளுக்குள் உறைந்து கிடந்தது எதுவும் அசையவில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

மோனிஷா மெல்ல வந்து அம்மாவின் தோளைத் தொட்டாள். பிறந்ததிலிருந்து, சத்தம் போடாதே, மாடியில் கேட்கும், காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள் என்று கேட்டே வளர்ந்த பெண். உதடு கோணிக்கொண்டு வந்தது. பல்லால் கடித்து அடக்கிக்கொண்டு, அம்மாவின் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அம்மா, அழலாமா?"

நாகவல்லி மகளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"அழு கண்ணு. சத்தமா அழு. நம்ம வீடு."